கொறடா இல்லாத தேர்தலில் யாருக்கு விசுவாசம்?

ஜனாதிபதி தேர்தல் நமக்கு எட்டாத உயரத்தில் நடக்கிற காரியம் என்றுதான் கிராமத்தில் நினைக்கிறோம். அதில் நாம் வாக்களிப்பதில்லை. நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாக்குச்சாவடி போடுவதில்லை. வேட்பாளர் கைகூப்பிக்கொண்டு தெருவுக்குள் வருவதில்லை. ஆனால், கடந்த முப்பது ஆண்டுகளில் நம் பெயரை அதிகமாகச் சொல்லி நடந்த தேர்தல்களில் அதுவும் ஒன்று. 1997, 2017 ஆகிய இரண்டு தேர்தல்களிலும் "தலித் ஜனாதிபதி" என்ற சொல் நாடு முழுக்க ஒலித்தது. 2022-ல் "முதல் பழங்குடி ஜனாதிபதி" என்ற சொல் ஒலித்தது.

அப்போதெல்லாம் நம் தெருக்களில் ஒரு தர்மசங்கடம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நம்மவர்கள் இல்லாத கட்சி இல்லை. ஒரே தெருவில் நான்கு கொடிக்கம்பங்கள் நிற்கின்றன. எதிர்முகாம் நம் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரை நிறுத்தினால், "நம்ம ஆளாச்சே, எப்படி எதிர்ப்பது?" என்று இந்தக் கட்சியில் இருப்பவர் தவிக்கிறார். தன் கட்சி நிறுத்திய வேட்பாளர் மேல் நம்பிக்கை இல்லாதபோது, "தலைமை முடிவு, நாம் என்ன பேச முடியும்?" என்று வாயை மூடிக்கொள்கிறார். இரண்டு தவிப்புக்கும் அவர் வைத்திருக்கும் பெயர் ஒன்றுதான்: கட்சி விசுவாசம்.

இப்போதைய குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு 2022 ஜூலை 25 அன்று பதவியேற்றார். 2027 ஜூலையில் அவருடைய ஐந்தாண்டுக் காலம் முடிகிறது. அடுத்த தேர்தல் வந்து, பெயர்கள் அறிவிக்கப்பட்டு, தொலைக்காட்சியில் சத்தம் ஆரம்பித்த பிறகு நிதானமாக யோசிக்க நேரம் இருக்காது. கட்சி விசுவாசம் என்பது என்ன, அது எங்கே முடிய வேண்டும் என்பதை இப்போதே பேசிவிடுவது நல்லது.

சட்டம் கொடுத்த சுதந்திரம்

முதலில் இந்தத் தேர்தல் நடக்கும் விதத்தைத் தெரிந்துகொள்வோம். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் இதை மனப்பாடமாக வைத்திருப்பார்கள். ஆனால் அதன் அரசியல் பொருளை எந்த வழிகாட்டி நூலும் சொல்வதில்லை.

அரசமைப்புச் சட்டத்தின் 54-வது பிரிவின்படி, தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர்களும் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களும் மட்டுமே இதில் வாக்களிப்பார்கள். சட்டமன்ற உறுப்பினரின் வாக்குக்கு மாநிலத்தின் மக்கள்தொகையைப் பொறுத்து ஒரு மதிப்பு உண்டு. 1971 கணக்கெடுப்பை வைத்து இது கணக்கிடப்படுகிறது. தமிழ்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு 176. உத்தரப் பிரதேசத்தில் அது 208. 2022 தேர்தலில் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு 700.

இனி நம் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் 234 இடங்களில் 44 பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதிகள். 44-ஐ 176-ஆல் பெருக்கினால் 7,744. மக்களவையில் நாடு முழுவதும் 84 தனித்தொகுதிகள் இருக்கின்றன. திருவள்ளூர், காஞ்சிபுரம், விழுப்புரம், சிதம்பரம், நாகப்பட்டினம், தென்காசி, நீலகிரி என்று நம் மாநிலத்தில் மட்டும் ஏழு. 84 பேரின் வாக்கு மதிப்பு 2022 கணக்குப்படி 58,800. இது தனித்தே ஒருவரை ஜெயிக்க வைக்கும் எண்ணிக்கை அல்ல. ஆனால், போட்டி நெருக்கமாக இருந்தால் ஒருவரைத் தோற்கடிக்கப் போதுமான எண்ணிக்கை.

அடுத்தது முக்கியமானது. இந்தத் தேர்தலில் எந்தக் கட்சியும் தன் உறுப்பினர்களுக்குக் கொறடா உத்தரவு போட முடியாது. தேர்தல் ஆணையம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மாநிலங்களவைத் தேர்தலில் வாக்களித்த சீட்டைக் கட்சி முகவரிடம் காட்ட வேண்டும். ஜனாதிபதி தேர்தலில் யாரிடமும் காட்டக் கூடாது, இது ரகசிய வாக்கெடுப்பு. மாற்றி வாக்களித்தார் என்பதற்காகக் கட்சித்தாவல் தடைச் சட்டத்தில் பதவி பறிபோகாது.

ஆக, ஒரு சட்டமன்ற உறுப்பினர் கட்சியின் கயிறு இல்லாமல் நிற்கக் கூடிய அபூர்வமான இடம் இது. அந்த இடத்தில்கூட நம் தனித்தொகுதி உறுப்பினர்கள் கயிறு இருப்பதுபோலவே நடந்துகொள்கிறார்கள் என்றால், அந்தக் கயிறு சட்டத்தில் இல்லை. வேறெங்கோ இருக்கிறது.

1969: ஒரு பெயர் வந்தது, போனது

கட்சி விசுவாசமும் வேட்பாளர் மீதான அதிருப்தியும் நேருக்கு நேர் மோதிய மிகப் பெரிய சம்பவம் 1969-ல் நடந்தது. அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்திரா காந்தியைப் பற்றியும் காங்கிரஸ் பிளவைப் பற்றியும் சொல்வார்கள். அதன் மையத்தில் ஒரு தலித் தலைவரின் பெயர் இருந்ததைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

1969 மே 3 அன்று குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் காலமானார். ஜூலையில் பெங்களூரில் காங்கிரஸ் நாடாளுமன்றக் குழு கூடியது. அது காந்தி நூற்றாண்டு ஆண்டு. ஜெகஜீவன் ராமை வேட்பாளராக நிறுத்தலாம் என்று இந்திரா காந்தி முன்மொழிந்தார். காமராஜர், மொரார்ஜி தேசாய், எஸ்.கே.பாட்டீல் உள்ளிட்ட மூத்த தலைவர்கள் நீலம் சஞ்சீவ ரெட்டியை விரும்பினார்கள். பெரும்பான்மை அவர்கள் பக்கம் இருந்தது. ரெட்டி அதிகாரப்பூர்வ வேட்பாளர் ஆனார். அவருடைய வேட்புமனுவில் பிரதமரே கையெழுத்திட்டார்.

அதற்குப் பிறகுதான் ஆட்டம் மாறியது. துணைக் குடியரசுத் தலைவராக இருந்த வி.வி.கிரி பதவி விலகிச் சுயேச்சையாகப் போட்டியிட்டார். காங்கிரஸ் தலைவர் நிஜலிங்கப்பா, ரெட்டிக்கு இரண்டாவது விருப்ப வாக்கு கேட்டு ஜனசங்கத்துடனும் சுதந்திராக் கட்சியுடனும் பேசினார். இதைக் காரணம் காட்டி, உறுப்பினர்களைச் சுதந்திரமாக வாக்களிக்க விட வேண்டும் என்று கேட்டவர்களில் முன்னால் நின்றவர்கள் ஜெகஜீவன் ராமும் பக்ருதீன் அலி அகமதுவும். பிறகு இந்திரா காந்தி மனசாட்சிப்படி வாக்களிக்குமாறு அழைப்பு விடுத்தார். தி.மு.க.வும் இடதுசாரிகளும் கிரியை ஆதரித்தன.

ஆகஸ்ட் 16 அன்று வாக்குப்பதிவு. 20-ம் தேதி எண்ணிக்கை. முதல் விருப்ப வாக்கில் கிரி 4,01,515. ரெட்டி 3,13,548. யாருக்கும் தேவையான பெரும்பான்மை இல்லை. இரண்டாவது விருப்ப வாக்குகளையும் சேர்த்தபோது கிரி 4,20,077. ரெட்டி 4,05,427. ஆளுங்கட்சியின் அதிகாரப்பூர்வ வேட்பாளர், முன்னணியில் இருப்பதாகக் கருதப்பட்டவர், சொந்தக் கட்சிக்காரர்களின் அதிருப்தியால் தோற்றார். அந்த ஆண்டு முடிவதற்குள் காங்கிரஸ் இரண்டாக உடைந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, ஜெகஜீவன் ராமின் பெயருக்கு என்ன ஆனது என்பது. ஒரு தரப்பு அதை ஏற்கவில்லை. முன்மொழிந்த தரப்போ அது மறுக்கப்பட்டதும் கிரியின் பின்னால் போய் நின்றது. "எங்களுக்கு அவர்தான் வேண்டும்" என்று பிடிவாதம் பிடிக்க ஒருவரும் இல்லை. கட்சிக்குள் நடந்த சதுரங்கத்தில் அவர் பெயர் ஒரு காய். நகர்த்திப் பார்த்தார்கள், எடுத்துவைத்துவிட்டார்கள்.

அந்தக் காலகட்டத்தை நம் மண்ணோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். தீண்டாமை பற்றியும் பட்டியல் சாதியினரின் கல்வி, பொருளாதாரம் பற்றியும் ஆராய அமைக்கப்பட்ட குழு 1969-ல் அறிக்கை தந்தது. அதன் தலைவர் காட்டுமன்னார்கோயில் மண்ணின் எல்.இளையபெருமாள், ஒரு காங்கிரஸ்காரர். பெங்களூரில் கூடிப் பேசியதும் அதே காங்கிரஸ்தான். இளையபெருமாளின் அறிக்கையை யார் நிறைவேற்றுவார்கள் என்பதை வைத்துக் கட்சி உடையவில்லை. பதவிக்கு யார் என்பதை வைத்துத்தான் உடைந்தது.

விசுவாசத்துக்குக் கிடைத்தது என்ன?

ஜெகஜீவன் ராமின் மீதிக் கதையும் நமக்குப் பாடம்தான். இந்திரா காந்தியின் பக்கம் நின்று, பிளவுபட்ட காங்கிரஸின் தலைவரானார். நெருக்கடி நிலைக்கு ஒப்புதல் கேட்கும் தீர்மானத்தை 1975-ல் மக்களவையில் முன்மொழிந்தவரும் அவரே. விசுவாசம் ஒரு மனிதரை எதுவரை கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு அது உதாரணம். 1977 பிப்ரவரியில் அவர் கட்சியை விட்டு வெளியேறினார். அந்த வெளியேற்றம் தேர்தலின் போக்கையே மாற்றியது. ஆனால், ஜனதா வென்றபோது பிரதமர் நாற்காலி மொரார்ஜி தேசாய்க்குப் போனது. பெங்களூரில் ரெட்டியை விரும்பியவர்களில் அவரும் ஒருவர்.

ஜெகஜீவன் ராம் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது, 1978-ல் வாரணாசியில் சம்பூர்ணானந்தின் சிலையைத் திறந்துவைத்தார். அவர் போன பிறகு கங்கை நீரைக் கொண்டுவந்து அந்தச் சிலையைக் கழுவினார்கள். முப்படைகளின் அமைச்சராக இருந்தாலும் சாதி விடவில்லை.

1979 ஆகஸ்டில் சரண் சிங் பதவி விலகியபோது, ஆட்சி அமைக்க வாய்ப்புக் கேட்டார் ஜெகஜீவன் ராம். குடியரசுத் தலைவர் அவரை அழைக்காமல் மக்களவையைக் கலைத்தார். அந்தக் குடியரசுத் தலைவர் யார்? 1969-ல் அவருக்குப் பதிலாக வேட்பாளராக்கப்பட்ட அதே சஞ்சீவ ரெட்டி. அவர் 1977-ல் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். ராஷ்டிரபதி பவனில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதில் நமக்கு அக்கறை இல்லை என்று சொல்கிறவர்கள் இந்த ஒரு சம்பவத்தை நினைத்துப் பார்க்கட்டும்.

பெயர் மட்டும் போதுமா?

1997-ல் கே.ஆர்.நாராயணன் குடியரசுத் தலைவரானபோது ஏறக்குறைய எல்லாக் கட்சிகளும் அவரை ஆதரித்தன. எதிர்த்து நின்ற டி.என்.சேஷனுக்கு சிவசேனா ஆதரவு மட்டுமே சொல்லும்படியாக இருந்தது. நாராயணன் அந்த நாற்காலியில் வெறும் அடையாளமாக உட்காரவில்லை. உத்தரப் பிரதேச அரசைக் கலைக்கச் சொன்ன குஜ்ரால் அமைச்சரவையின் பரிந்துரையை 1997-ல் திருப்பி அனுப்பினார். பிகார் அரசைக் கலைக்கச் சொன்ன வாஜ்பாய் அமைச்சரவையின் பரிந்துரையை 1998-ல் திருப்பி அனுப்பினார். உச்ச நீதிமன்ற நீதிபதி நியமனங்களில் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் ஏன் இல்லை என்று கோப்பிலேயே எழுதிக் கேட்டார். அரசமைப்புச் சட்டத்தை மறுபரிசீலனை செய்யலாம் என்ற பேச்சு எழுந்தபோது, சட்டம் நம்மைக் கைவிட்டதா, நாம் சட்டத்தைக் கைவிட்டோமா என்ற பொருளில் நாடாளுமன்ற மைய மண்டபத்திலேயே கேட்டார்.

2002-ல் அவருக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைக்கவில்லை. ஆளும் கூட்டணி அப்துல் கலாமை நிறுத்தியது. காங்கிரஸும் கலாமையே ஆதரித்தது. கலாம் மீது நமக்கு மரியாதை உண்டு. ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. கேள்வி கேட்ட தலித் குடியரசுத் தலைவர் தொடர வேண்டும் என்று, அந்தக் கட்சிகளில் இருந்த எத்தனை தனித்தொகுதி உறுப்பினர்கள் தங்கள் தலைமையிடம் பேசினார்கள்? "முதல் தலித் ஜனாதிபதி" என்று 1997-ல் சுவரொட்டி ஒட்டினோம். 2002-ல் சுவர் காலியாகத்தான் இருந்தது.

2017-ல் நிலைமை இன்னும் விநோதம். பா.ஜ.க. கூட்டணி ராம்நாத் கோவிந்தை நிறுத்தியது. எதிர்க்கட்சிகள் மீரா குமாரை நிறுத்தின. இருவரும் தலித்துகள். மீரா குமார் யார்? 1969-ல் மறுக்கப்பட்ட அதே ஜெகஜீவன் ராமின் மகள். 7,02,044 வாக்குகள் பெற்றுக் கோவிந்த் வென்றார். மீரா குமாருக்கு 3,67,314. எதிர்க்கட்சிக் கூட்டணியில் இருந்துகொண்டே நிதிஷ் குமாரின் கட்சி கோவிந்தை ஆதரித்தது. இங்கே அ.தி.மு.க. கோவிந்தையும், தி.மு.க.வும் காங்கிரஸும் மீரா குமாரையும் ஆதரித்தன.

"யார் ஜெயித்தாலும் நம்ம ஆள்" என்று அப்போது பலர் சந்தோஷப்பட்டார்கள். அந்தச் சந்தோஷத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் அமுங்கிப்போயின. 2007-லும் 2012-லும் ஜெயிக்கும் பலம் காங்கிரஸ் கூட்டணியிடம் இருந்தது. அப்போதெல்லாம் நினைவுக்கு வராத மீரா குமார், தோல்வி உறுதி என்று தெரிந்த ஆண்டில் ஏன் நினைவுக்கு வந்தார்? அந்தப் பக்கம், 2016 ஜனவரியில் ரோகித் வெமுலாவின் மரணம், ஜூலையில் குஜராத்தின் ஊனாவில் நம் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்த கொடுமை. இதெல்லாம் நடந்த சில மாதங்களில் ஒரு தலித் வேட்பாளரை முன்னிறுத்தும் கட்சியிடம், அந்தச் சம்பவங்கள் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று கேட்டிருக்க வேண்டாமா? இரண்டு முகாம்களிலும் இருந்த நம்மவர்கள் இரண்டையும் கேட்கவில்லை. இருவரும் தலித் என்பதால் சாதிக் கேள்வி தீர்ந்துவிட்டதாகவும், மீதி கட்சிக் கேள்விதான் என்றும் எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த ஆண்டே சோதனை வந்தது. 2018 மார்ச் 20 அன்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பலவீனப்படுத்தும் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் தந்தது. ஏப்ரல் 2 அன்று நாடு முழுவதும் தலித் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். பலர் உயிரிழந்தார்கள். ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. சட்டத்தைக் காப்பாற்றியது பெயர் தெரியாத அந்த மக்களின் கால்கள்.

2022-ல் முர்மு நிறுத்தப்பட்டபோது, எதிரணியில் இருந்த ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா கூட்டணியை மீறி அவரை ஆதரித்தது. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் பலர் மாற்றி வாக்களித்ததாகவும் பேசப்பட்டது. அவரை ஆதரிக்கக் காரணமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2017-ல் ஜார்க்கண்ட் ஆளுநராக இருந்தபோது, பழங்குடிகளின் நில உரிமையைக் காக்கும் சட்டங்களில் திருத்தம் கொண்டுவந்த மசோதாக்களை அவர் திருப்பி அனுப்பினார். அங்கே அப்போது நடந்தது பா.ஜ.க. ஆட்சி. அவரும் அந்தக் கட்சியிலிருந்து வந்தவர். கட்சியைவிட மண் பெரியது என்று காட்டிய செயல் அது. அவருக்கு வாக்களித்த எத்தனை பேர் இந்தக் காரணத்தைச் சொன்னார்கள்? வாக்களிக்காத எத்தனை பேர் தங்கள் காரணத்தைச் சொன்னார்கள்? இரு தரப்பும் சொன்னது, "தலைமை முடிவு".

செஞ்சோற்றுக் கடன் என்ற பொறி

நம் மக்கள் பிரதிநிதிகள் ஏன் இப்படி இருக்கிறார்கள்? தனிமனிதர்களைத் திட்டுவது சுலபம். ஆனால் இது தனிமனிதக் கோளாறு அல்ல.

1932 செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில் தொடங்குகிறது இது. தனி வாக்காளர் தொகுதியை விட்டுக்கொடுத்து, பொது வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கும் தனித்தொகுதிகளை ஏற்க வேண்டிய நிலை அம்பேத்கருக்கு வந்தது. மாகாணச் சட்டமன்றங்களில் 148 இடங்கள் கிடைத்தன. அவற்றில் 30 சென்னை மாகாணத்துக்கு. நம் மக்கள் மட்டும் வாக்களிக்கும் முதல்நிலைத் தேர்தலில் நான்கு பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அந்த நால்வரில் ஒருவரைப் பொது வாக்காளர்கள் தேர்ந்தெடுப்பார்கள் என்பது ஏற்பாடு. சுதந்திரத்துக்குப் பிறகு அந்த முதல்நிலைத் தேர்தலும் இல்லாமல் போனது. நம் சார்பில் யார் நிற்பது என்பதில் நமக்கு இருந்த முதல் வார்த்தை கட்சித் தலைமையிடம் போய்விட்டது.

விளைவு நம் கண்ணெதிரே இருக்கிறது. தனித்தொகுதியில் ஜெயிக்க நம் வாக்கு மட்டும் போதாது, ஊர்த்தெரு வாக்கும் வேண்டும். ஊர்த்தெரு வாக்கு வேண்டுமானால் பெரிய கட்சியின் சின்னம் வேண்டும். சின்னம் வேண்டுமானால் மாவட்டச் செயலாளரின் தயவு வேண்டும். இந்தப் படிகளில் ஏறி வருகிறவர் யாருக்கு விசுவாசமாக இருப்பார்? 1952-ல் அம்பேத்கரே மும்பையில் காங்கிரஸ் நிறுத்திய ஒரு தலித் வேட்பாளரிடம் தோற்றார். உத்தரப் பிரதேசத்தின் பஹ்ரைச் தனித்தொகுதியில் பா.ஜ.க. சார்பில் ஜெயித்த சாவித்திரிபாய் பூலே, இட ஒதுக்கீட்டுப் பிரச்சினையில் சொந்தக் கட்சியை எதிர்த்துப் பேசி 2018-ல் வெளியேறினார். 2019-ல் அதே தொகுதியில் வேறு கட்சியில் நின்று தோற்றார். பேசினால் என்ன விலை என்று மற்றவர்களுக்குத் தெரிகிறது.

ஆனால், பயத்துக்கு நாம் சூட்டும் பெயர்தான் எனக்கு உறுத்துகிறது. கிராமங்களில் மாணவர்களோடு பேசும்போது அடிக்கடி ஒரு வாதத்தைக் கேட்கிறேன்: "கட்சிதானே சீட்டுக் கொடுத்தது, நன்றி வேண்டாமா?" நம் பண்பாட்டில் இதற்குச் செஞ்சோற்றுக் கடன் என்று பெயர். அந்தக் கடனுக்காகத்தான் கர்ணன் துரியோதனன் பக்கம் நின்று செத்தான். தெருக்கூத்தில் கர்ணன் விழும்போது நம் அம்மாக்கள் அழுகிறார்கள். அழலாம், தப்பில்லை. ஆனால் அரசியலுக்கு வரும்போது ஒன்றைக் கேட்டாக வேண்டும். இந்தச் சோறு யார் வீட்டுச் சோறு?

தனித்தொகுதி எந்தக் கட்சித் தலைவரும் போட்ட பிச்சை அல்ல. அது அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் வட்டமேசைவரை போய் வாதாடிய உரிமையின் தொடர்ச்சி. அரசமைப்புச் சட்டம் தந்த இடம். கட்சி அந்த இடத்துக்கு ஒரு ஆளைத் தேர்ந்தெடுக்கிறது, அவ்வளவுதான். கடன் இருக்கிறது என்றால், அது அந்த இடத்தை உண்டாக்கிய மக்களுக்குத்தான் இருக்கிறது. பரிமாறியவருக்கு நன்றி சொல்லலாம். விளைவித்தவரை மறந்துவிடக் கூடாது.

மூன்று எதிர்வாதங்கள்

"ஆளாளுக்கு மனசாட்சி என்று கிளம்பினால் கட்சி என்னாவது? குதிரை பேரம்தானே நடக்கும்?" நியாயமான பயம். பணத்துக்கு மாறுகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் அதற்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. விலைபோனவர் ரகசியமாக மாறுவார், பிறகு மறுப்பார். கொள்கைக்காக மாறுகிறவர் முன்கூட்டியே கட்சிக்குள் பேசுவார், வெளியே காரணம் சொல்வார். சீட்டைக் காட்டத்தான் தடை. காரணத்தைச் சொல்லத் தடை இல்லை.

"நாம் சிறுபான்மை. கட்சி நிழலும் போனால் நம்மை யார் காப்பாற்றுவது?" இதைச் சொல்கிறவர்களை நான் கோழை என்று சொல்ல மாட்டேன். ஊரில் தகராறு வந்தால் காவல் நிலையத்துக்குக் கூட வர ஒரு ஒன்றியச் செயலாளர் வேண்டியிருக்கிறது. அது நிஜம். கட்சியை விட்டு எல்லோரும் வெளியே வாருங்கள் என்பது என் வாதமும் அல்ல. நிபந்தனை இல்லாத விசுவாசத்துக்கு யாரும் விலை கொடுப்பதில்லை என்பதுதான் என் வாதம். எப்படியும் நம் பக்கம்தான் என்று தெரிந்த வாக்கைத் தேடி எந்தத் தலைவரும் வர மாட்டார். "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது நம் ஊர்ப் பழமொழி. விசுவாசத்துக்கும் அளவு வேண்டும்.

"எந்தக் கட்சியானால் என்ன, நம்ம ஆள் நின்றால் ஆதரிப்பதுதானே முறை?" இது முதல் இரண்டையும்விடக் கவர்ச்சியானது. ஆபத்தும் அதிகம். நம் ஆள் அங்கே உட்காருவதில் பெருமை உண்டு. பள்ளிக்கூடத்துச் சுவரில் அந்தப் படத்தைப் பார்க்கும் நம் பிள்ளைக்கு அது தைரியம். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நாராயணனை நாம் நினைவில் வைத்திருப்பது அவர் பிறப்புக்காக மட்டும் அல்ல. அவர் திருப்பி அனுப்பிய கோப்புகளுக்காக. பிறப்பைப் பார்த்து ஆதரவு, சின்னத்தைப் பார்த்து எதிர்ப்பு என்று இருந்தால், இரண்டு பக்கமும் நம்மைச் சுலபமாகக் கணக்குப் போட்டுவிடுவார்கள். 2017-ல் போட்டார்கள்.

என்ன கேட்கலாம்?

அடுத்த தேர்தலில் நமக்கு வாக்கு இல்லை. ஆனால் வாக்கு உள்ளவர் நம் தொகுதியில் இருக்கிறார். அவர் கையில் 176 இருக்கிறது. அந்த 176 எங்கிருந்து வந்தது? நம் தலைகளை எண்ணி வந்தது. ஆகவே அவரிடம் கேட்க நமக்கு உரிமை உண்டு.

வேட்பாளர்கள் அறிவிக்கப்பட்டதும் தனித்தொகுதி உறுப்பினருக்கு ஒரு மனு எழுதுங்கள். கிராமத்துப் படிப்பு வட்டம் எழுதலாம், கல்லூரி விடுதி மாணவர்கள் எழுதலாம், மகளிர் குழு எழுதலாம். அதில் மூன்றே கேள்விகள் போதும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், இட ஒதுக்கீடு, நீதிபதி நியமனம் பற்றி இந்த வேட்பாளர் இதுவரை என்ன பேசியிருக்கிறார்? முன்பு வகித்த பதவிகளில் நம் மக்களுக்காக எந்தக் கோப்பில் எழுதினார், எதைத் திருப்பி அனுப்பினார்? நீங்கள் யாருக்கு வாக்களிக்கப் போகிறீர்கள், ஏன்? கட்சி சொன்னது என்பது மூன்றாவது கேள்விக்குப் பதில் ஆகாது.

கட்சிகளில் இருக்கும் நம் கிளைச் செயலாளர்கள், அணிப் பொறுப்பாளர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. மாவட்டப் பொதுக்குழுவில் எழுந்து, வேட்பாளர் பற்றிய அதிருப்தியைப் பெயர் சொல்லிப் பதிவு செய்யுங்கள். தோற்றாலும் பரவாயில்லை. தீர்மானப் புத்தகத்தில் அது இருக்கட்டும். அதன் பிறகும் கட்சியின் முடிவை ஏற்க வேண்டியிருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். கேட்டுவிட்டு ஏற்பதற்கும் கேட்காமலே தலையாட்டுவதற்கும் நடுவில்தான் சுயமரியாதை இருக்கிறது.

நம் தாத்தாக்கள் காலத்தில் பண்ணையாருக்குக் காட்டியதற்கும் பெயர் விசுவாசம்தான். அதிலிருந்து வெளியே வரவே நமக்குப் பல தலைமுறைகள் ஆயின. பண்ணை வாசலில் விட்டுவிட்டு வந்த பழக்கத்தைக் கட்சி அலுவலக வாசலில் மறுபடி எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டாம்.